கிரீம் டப்பாவின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது? வறண்ட முகம், பூசினால் எரிகிறது

வானதி

வணக்கம். எனக்கு முகத்தோல் எப்போதுமே வறட்சிதான். முகம் கழுவித் துடைத்த ஐந்தாவது நிமிடம் இரண்டு கன்னமும் இழுத்துப் பிடிக்கும். மூக்கின் இரண்டு ஓரத்திலும் புருவங்களுக்கு நடுவிலும் மாவு தூவியது போல வெள்ளையாக உரியும். விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிரும், அப்புறம் அந்த இடம் சிவந்துவிடும்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு கிரீம் வாங்கினேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் செராமைடு, ஹையலுரோனிக் அமிலம் என்று போட்டிருந்தது. முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு குளிர் குறைந்ததும் தேவைப்படவில்லை, நான்கு மாதம் அப்படியே மூடி வைத்துவிட்டேன். இப்போது மறுபடி எடுத்துப் பூசுகிறேன். பூசிய ஒரு நிமிடத்துக்குள் கன்னத்தில் சுள்ளென்று எரிகிறது. மறுநாள் காலையில் கண் இமைகள் அரிக்கின்றன, லேசாகத் தடித்தும் இருக்கின்றன. இமையில் நான் கிரீம் பூசுவதே இல்லை.

டப்பாவின் பின்னால் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: தண்ணீர், கிளிசரின், கேப்ரிலிக்/கேப்ரிக் டிரைகிளிசரைடு, செட்டியரில் ஆல்கஹால், டைமெத்திக்கோன், ஷியா பட்டர், செட்டியரெத்-20, ஃபீனாக்சிஎத்தனால், பார்ஃபம், கார்போமர், சோடியம் ஹையலுரோனேட், செராமைடு என்.பி., லாவெண்டர் எண்ணெய், சோடியம் ஹைட்ராக்சைடு, டைசோடியம் இ.டி.டி.ஏ., லினலூல், லிமோனீன்.

இதில் ஆல்கஹால் இருக்கிறது, தோலைக் காயவைக்காதா? சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் காஸ்டிக் சோடாதானே? அதை முகத்தில் பூசலாமா? என் சந்தேகம் இந்த இரண்டின் மேல்தான்.

தோழி ஒருத்தி தான் பூசும் ட்யூபைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். அதில் இருப்பவை: தண்ணீர், கிளிசரின், பெட்ரோலாட்டம், செட்டியரில் ஆல்கஹால், ஸ்குவாலேன், கிளிசரில் ஸ்டியரேட், பி.இ.ஜி.-100 ஸ்டியரேட், பாந்தெனால், ஃபீனாக்சிஎத்தனால், எத்தில்ஹெக்சில்கிளிசரின், சாந்தன் கம், சிட்ரிக் அமிலம். பெட்ரோலாட்டம் என்ற பெயரைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன். தெரிந்தவர்கள் யாராவது பொறுமையாக விளக்குங்கள். அடுத்த முறை நானே படித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.


மாறன்

வானதி, அந்த டப்பாவைப் பூசுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று சிலர் சொல்வார்கள். மாய்ஸ்சரைசர் விஷயத்தில் அது பொய். மாய்ஸ்சரைசர் எரியவே கூடாது.

நான் டாக்டர் இல்லை. கிரீம், லோஷன் தயாரிக்கும் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். எண்ணெயில் கரைவதை ஒரு பாத்திரத்திலும் நீரில் கரைவதை இன்னொரு பாத்திரத்திலும் சூடாக்கி, இரண்டையும் ஒன்றாக்கி, ஆறும்வரை கலக்கிக்கொண்டே இருப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு பெயரையும் நான் கையால் அளந்து போட்டிருக்கிறேன்.

முதலில் தோலைப் பற்றிக் கொஞ்சம். நம் தோலின் ஆக மேலே இருப்பது 15 முதல் 20 அடுக்கு செத்த செல்கள். மொத்தத் தடிமன் முகத்தில் 10 முதல் 20 மைக்ரான்தான். எழுதும் தாள் ஒன்று சுமார் 100 மைக்ரான் இருக்கும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உடம்புக்குள் இருக்கும் நீர் வெளியே போகாமல் காப்பது இந்த மெல்லிய அடுக்குதான். பீட்டர் எலியாஸ் என்ற தோல் ஆய்வாளர் இதைச் செங்கல் சுவர் என்று விளக்கினார். செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு காரை. அந்தக் காரையில் எடைக் கணக்கில் ஏறக்குறைய பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்கள். செங்கல்லுக்குள்ளேயும் நீரைப் பிடித்து வைக்கும் சரக்கு இருக்கிறது: அமினோ அமிலங்கள், லாக்டேட், யூரியா எல்லாம். வறண்ட தோல் என்றால் காரை உதிர்ந்து, செங்கல்லும் காய்ந்துபோன சுவர். உள்ளே இருக்கும் நீர் இடுக்கு வழியாக ஆவியாகும். வெளியே இருப்பது அதே இடுக்கு வழியாக உள்ளே போகும். சாதாரணத் தோலில் ஒன்றும் செய்யாத பொருள் உங்கள் கன்னத்தில் சுள்ளென்று எரிவதற்கு இது ஒரு காரணம்.

இதைப் புரிந்துகொண்டால் லேபிளைப் படிப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு கிரீமில் தோலுக்காக நடக்கும் வேலை மூன்றுதான். நீரைப் பிடிப்பது, உரிந்த இடத்தை நிரப்பி வழவழப்பாக்குவது, மேலே மூடி போடுவது. மற்றதெல்லாம் கிரீம் பிரிந்துபோகாமல், கெட்டுப்போகாமல், கையில் எடுக்கும் பதத்தில் இருப்பதற்காகச் சேர்ப்பவை. எந்தப் பெயரைப் பார்த்தாலும் ‘நீ என்ன வேலைக்கு வந்திருக்கிறாய்?’ என்று கேட்டுப் பழகுங்கள்.

உங்கள் டப்பாவில் நீரைப் பிடிப்பது கிளிசரின். இரண்டாவது இடத்தில் இருக்கிறது, அளவு நன்றாகவே இருக்கும். கிளிசரினை யாரும் விளம்பரத்தில் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கு அது ஒரு வருத்தம். தோல் தானாகவே உண்டாக்கிக்கொள்ளும் பொருள் அது. வறட்சிக்கு அதைப் போல நம்பகமான சரக்கு குறைவு. டிரைகிளிசரைடு என்று நீளமாக இருப்பது ஒரு லேசான எண்ணெய், ஷியா பட்டர் கெட்டியான கொழுப்பு. இரண்டும் வழவழப்புக்கு. டைமெத்திக்கோன் சிலிக்கோன் வகை, மெல்லிய மூடி. செட்டியரெத்-20 எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடித்து வைப்பது.

வரிசையைப் பற்றி ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். எது அதிகமோ அது முதலில் வரும். ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த 1 சதவீதக் கோடு எங்கே என்று லேபிளில் போடமாட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது ஃபீனாக்சிஎத்தனாலை. அது கெடாமல் காக்கும் பொருள், ஐரோப்பாவில் அதற்கு உச்சவரம்பே 1 சதவீதம். ஆகவே அதற்குப் பின்னால் வருவது எதுவும் பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்டாது. இப்போது உங்கள் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த செராமைடும், நீரைப் பிடிக்கும் ஹையலுரோனிக் அமிலத்தின் உப்பு வடிவமான ஹையலுரோனேட்டும் எங்கே இருக்கின்றன? இரண்டும் கோட்டுக்குக் கீழே, அதுவும் வாசனைக்குப் பின்னால். அதனால் அவை வீண் என்று சொல்லமாட்டேன். ஹையலுரோனேட்டை 0.1 சதவீதம் போட்டாலே கிரீமின் பதம் மாறிவிடும், செராமைடும் பொதுவாகச் சிறிய அளவில் சேர்ப்பதுதான். ஆனால் உங்கள் முகத்தில் முதல் இரண்டு மாதம் நடந்த நல்லதில் பெரும்பங்கு கிளிசரினுடையது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, நீங்கள் பயந்த பொருட்களுக்கு வருவோம்.

செட்டியரில் ஆல்கஹால் பெயரில்தான் ஆல்கஹால். பார்த்தால் மெழுகுச் சீவல் போல வெள்ளையாக இருக்கும். வாசனை பெரிதாக இராது. சூட்டில் உருகி, ஆறியதும் கிரீமுக்குக் கெட்டித்தன்மை தரும். தோலை மென்மையாக்கும். செட்டில், ஸ்டியரில், பெஹனைல் என்ற பெயர்களோடு வரும் ஆல்கஹால்களும் இதே குடும்பம்தான். காயவைப்பது வேறு ஆள்: ‘ஆல்கஹால் டினாட்’ என்றோ வெறும் ‘ஆல்கஹால்’ என்றோ எழுதியிருக்கும். அது பட்டியலின் மேல்பாதியில் இருந்தால் வறண்ட தோல்காரர்கள் எடுக்க வேண்டாம். உங்கள் டப்பாவில் அது இல்லவே இல்லை.

சோடியம் ஹைட்ராக்சைடு காஸ்டிக் சோடாதான், நீங்கள் சொன்னது சரி. ஆனால் அது உங்கள் முகத்துக்கு வந்து சேருவதற்குள் காஸ்டிக் சோடாவாக இருப்பதில்லை. கார்போமர் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது மாவு போன்ற பொடி. நீரில் தூவிக் கலக்கினால் கலங்கலான, புளிப்புத்தன்மை கொண்ட கரைசலாக நிற்கும், பி.எச். சுமார் 3. அதில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். கண்ணெதிரே கலங்கல் தெளியும், கலக்கும் கரண்டி கனக்கத் தொடங்கும், கடைசியில் கரண்டியைத் தூக்கினால் ஜெல் அப்படியே தொங்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டுவிட்டன. பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. பி.எச். மீட்டரில் பார்த்து நாங்கள் நிறுத்தும் இடம் பெரும்பாலும் 5 முதல் 6. தோலின் இயல்பும் லேசான அமிலம்தான், 5 வாக்கில்.

பெட்ரோலாட்டம் பெட்ரோல் அல்ல. ஆனால் கச்சா எண்ணெயிலிருந்து வருவது என்பது உண்மை. எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களில் படியும் மெழுகைத் தொழிலாளர்கள் தீக்காயத்துக்குப் பூசுவதை ராபர்ட் செஸ்பரோ என்பவர் பார்த்தார். அதைச் சுத்திகரித்து 1872-ல் காப்புரிமை வாங்கினார். அதுதான் வாசலின். இன்று முகத்துக்கு வருவது நன்றாகச் சுத்திகரித்தது. தோலிலிருந்து நீர் ஆவியாவதை 98 சதவீதம் வரை தடுக்கக்கூடியது. மற்ற எண்ணெய்கள் பெரும்பாலும் 20, 30 சதவீதத்தோடு நின்றுவிடும். ஒவ்வாமை வருவது அபூர்வத்திலும் அபூர்வம். மூடி போடும் வேலைக்கு அதைவிட நல்ல ஆளை எனக்குத் தெரியாது.

என் சந்தேகம் நீங்கள் கேட்காமல் விட்ட பெயர்களின் மேல்தான்: பார்ஃபம், லாவெண்டர் எண்ணெய், லினலூல், லிமோனீன். பார்ஃபம் என்பது ஒரு பொருள் அல்ல. அந்த ஒரு சொல்லுக்குள் பல வாசனைப் பொருட்கள் இருக்கலாம். அவற்றில் ஒவ்வாமைக்குப் பேர்போனவற்றை மட்டும் தனியாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. பூசி அப்படியே விடும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே எழுதியாக வேண்டும். லினலூலும் லிமோனீனும் அப்படி வந்த பெயர்கள். லாவெண்டர் எண்ணெயிலேயே லினலூல் இயற்கையாக இருக்கிறது. இவை புதிதாக இருக்கும்போது அவ்வளவு தொந்தரவு இல்லை. காற்றுப் பட்டுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடாக மாறும்போதுதான் ஒவ்வாமை தரும் பலம் ஏறுகிறது. நீங்கள் திறந்து வைத்து எட்டு மாதம் ஆகிறது. டப்பாவில் திறந்த மூடி படம் ஒன்று இருக்கும், அதற்குள் 6 எம், 12 எம் என்று போட்டிருப்பார்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் வரை பூசலாம் என்பது அது. பாருங்கள்.

பூசிய உடனே எரிவது எரிச்சல். மறுநாள் இமை அரித்துத் தடிப்பது ஒவ்வாமையாக இருக்கலாம். இமைத் தோல் மிக மெல்லியது, கையில் ஒட்டிய துளி பட்டாலே காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம், கையோடு எடுத்துப் போங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். முகம் கழுவுவது எதைக் கொண்டு?


கயல்விழி

வானதி, இமை அரிப்பு என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் இமையில்தான் தொடங்கியது. ஒரு வருடம் கண் மையைச் சந்தேகப்பட்டேன். மையை விட்டேன், அரிப்பு போகவில்லை. தலையணை உறையை மாற்றினேன், போகவில்லை. கடைசியில் தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் செய்யச் சொன்னார்.

எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை. முதுகில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள் வைத்த பிளாஸ்திரி ஒட்டுவார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பொருள். 48 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும், முதுகை நனைக்கக் கூடாது. பிறகு எடுத்துவிட்டுப் பேனாவால் குறி போட்டுப் பார்ப்பார்கள். இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள், ஏனென்றால் சில ஒவ்வாமை தாமதமாகத்தான் எழும்பும். எனக்கு முதல் நாள் ஒன்றுமே இல்லை. இரண்டாவது முறை ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து, தடித்து, கொசு கடித்த மாதிரி நின்றது. மெத்தில்ஐசோதியசோலினோன். கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருள். நான் தினமும் கைக்குப் பூசிய லோஷனில் அது இருந்தது. அந்தக் கையால்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதனால் பலருக்கு ஒவ்வாமை வந்து, அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2013-ல் ‘இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்றே இதை அறிவித்தது. பூசி விடும் கிரீம்களில் இது கூடாது என்று ஐரோப்பாவில் 2017-ல் தடையும் வந்துவிட்டது. கழுவி விடும் பொருட்களில் இன்னும் சிறிய அளவில் உண்டு. அதனால் ஷாம்பு வாங்கும்போதும் நான் பின்பக்கத்தைப் படிக்காமல் எடுப்பதில்லை. பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. எரிகிறதே என்று நீங்களாக ஸ்டீராய்டு கிரீம் வாங்கி முகத்தில் பூசிவிடாதீர்கள். நான் செய்தேன். மூன்று நாளில் அடங்கியது போல இருந்தது, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாக வந்தது.


சேகர்

மாறன் அண்ணா விளக்கியது நன்று. ஆனால் இத்தனை ரசாயனம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வறட்சி என்றால் எண்ணெய்ப் பசை போதவில்லை என்றுதானே அர்த்தம்? சுத்தமான ஒரு எண்ணெயை எடுத்து இரவில் தேய்த்தால் போதாதா? நான் சூரியகாந்தி எண்ணெய்தான் தேய்க்கிறேன். கையும் காலும் நன்றாகவே இருக்கின்றன.


மாறன்

சேகர், உங்கள் கேள்வி நியாயமானது. இந்தத் துறையிலேயே வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். இர்வின் பிளாங்க் என்ற ஆய்வாளர் 1952-ல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. உள்ளங்காலில் காய்த்துப்போன தோல் துண்டை எடுத்துக் காயவைத்தால் ஓடு போல மொறுமொறுவென்று ஆகிவிடும். அதை எண்ணெயில் எவ்வளவு நேரம் ஊறப் போட்டாலும் வளையாது. நீரில் போட்டால் இளகி வளையும். அதாவது தோலை மிருதுவாக வைத்திருப்பது நீர். எண்ணெயின் வேலை அந்த நீரைப் போகவிடாமல் காப்பது. காய்ந்த தோலில் வெறும் எண்ணெய் தேய்த்தால் வெறும் பானைக்கு மூடி போட்ட கதைதான். ஈரம் காயுமுன் தேய்த்தால் பலன் உண்டு. நீங்கள் குளித்துவிட்டு ஈரத்தோடு தேய்ப்பவராக இருந்தால் உங்கள் கைகால் நன்றாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்ததிலும் நீங்கள் தப்பு செய்யவில்லை. சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் அதிகம், தோல் தன் காரையைக் கட்டிக்கொள்ள அது தேவை. ஆலிவ் எண்ணெயில் ஒலெயிக் அமிலம் அதிகம், அது காரையைக் கலைக்கக்கூடியது. இயற்கை என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. வானதியின் டப்பாவில் இருக்கும் லாவெண்டரும் இயற்கைதான்.


வானதி

எல்லோருக்கும் நன்றி. மாறன் அண்ணா, டப்பாவைப் பார்த்தேன். 6 எம் என்றுதான் போட்டிருக்கிறது. இவ்வளவு நாள் அந்தப் படத்தை நான் கவனித்ததே இல்லை.

முகம் கழுவுவது நுரை நன்றாக வரும் ஒரு ஃபேஸ்வாஷால். காலை, மாலை, வெளியே போய் வந்தால் இன்னொரு முறை. வெந்நீரில்தான் கழுவுவேன், அதுதான் சுத்தமாக இருப்பது போல இருக்கும். அதன் பின்பக்கத்தில் இரண்டாவது பெயர் சோடியம் லாரில் சல்பேட்.

தோழியின் ட்யூபைப் பூசிப் பார்க்கலாமா? பெட்ரோலாட்டம் துளைகளை அடைத்துப் பரு வரவைக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்களே? யூரியா கலந்த கிரீம் வறட்சிக்கு நல்லது என்றும் படித்தேன்.


மாறன்

வானதி, பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. சோடியம் லாரில் சல்பேட் அழுக்கை எடுக்கும்போது காரையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகும். தோலில் எரிச்சலை உண்டாக்கி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றால் ஆய்வகங்களில் அதைத்தான் பூசுவார்கள், அவ்வளவு நம்பகமாக எரிச்சல் தரும். கூடவே வெந்நீர், அதுவும் மூன்று வேளை. கழுவியதும் இழுத்துப் பிடிக்கும் அந்த உணர்வைச் சுத்தம் என்று நினைக்காதீர்கள். தோல் நீரை இழக்கிறது, அவ்வளவுதான். காலையில் வெறும் நீர் போதும். இரவில் நுரை குறைந்த, வாசனை இல்லாத கிளென்சர் போதும். வெதுவெதுப்புக்கு மேல் சூடு வேண்டாம்.

ட்யூபின் பட்டியலைப் படித்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது. நீரைப் பிடிக்கக் கிளிசரினும் பாந்தெனாலும், வழவழப்புக்கு ஸ்குவாலேன், மூடிக்குப் பெட்ரோலாட்டம். மொத்தம் பன்னிரண்டே பெயர்கள், வாசனை எதுவும் இல்லை. பரு விஷயம் முயல் காதில் பூசிப் பார்த்த பழைய சோதனைகளிலிருந்து வந்த பயம். முயல் காது மனித முகத்தைவிடச் சுலபமாக அடைத்துக்கொள்ளும். தனிப் பொருளுக்குக் கொடுத்த மதிப்பெண்ணை முழுக் கிரீமுக்கும் பொருத்த முடியாது. பெட்ரோலாட்டம் பொதுவாகத் துளையை அடைப்பதில்லை. பிசுபிசுப்பு பிடிக்கவில்லை என்றால் அது வேறு விஷயம்.

ஆனால் நேராக முகத்துக்குப் போக வேண்டாம். முழங்கை மடிப்பின் உட்புறத்தில், ஒரு நாணயம் அளவு இடத்தில், காலையும் மாலையும் ஏழு முதல் பத்து நாள் பூசுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் முகத்தில் பூசுங்கள். ஒரு நாள் மட்டும் பூசிப் பார்த்தால் ஒவ்வாமை தெரியாமல் போய்விடும். முகம் கழுவியதும் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் இருக்கும்போதே பூசுங்கள்.

கடையில் எடுக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்றால் வாசனை சேர்க்கவில்லை என்று பொருள். ‘அன்சென்டட்’ என்றால் மணம் தெரியாது என்று மட்டும்தான் பொருள், மற்ற மணத்தை மறைக்கவே ஒரு வாசனையைப் போட்டிருக்கலாம். முன்பக்கத்தில் எந்தச் சொல் இருந்தாலும் பின்பக்கத்தில் பார்ஃபம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.


ஜெயந்தி

யூரியா பற்றி நான் சொல்கிறேன். அப்பாவின் குதிகால் வெடிப்புக்கு யூரியா 20 சதவீதக் கிரீம் வாங்கியிருந்தேன். பத்து நாளில் குதிகால் அவ்வளவு நன்றாக இளகிவிட்டது. அந்த ஆசையில் என் கன்னத்தில் உரிந்த இடத்திலும் கொஞ்சம் பூசிவிட்டேன். மிளகாய்ப்பொடி பட்டது போல எரிந்தது. குழாயடியில் பத்து நிமிடம் நின்றேன்.

பிறகுதான் மருத்துவர் சொன்னார். யூரியா குறைந்த அளவில் நீரைப் பிடிக்கும், 20 சதவீதம், அதற்கு மேல் என்றால் தடித்த தோலையே கரைத்து உரிக்கும். முகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள், வெடித்திருக்கும்போது அதுகூட வேண்டாம், முதலில் புண் ஆறட்டும் என்றார். ஆகவே வானதி, ட்யூபில் யூரியா என்று பார்த்தால் சதவீதத்தையும் பாருங்கள்.


வானதி

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ஃபேஸ்வாஷை அன்றே நிறுத்திவிட்டேன். ட்யூபைக் கையில் பத்து நாள் பூசிப் பார்த்து, அப்புறம் முகத்துக்கு வந்தேன். முதல் வாரம் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் கண்ணாடியில் மூக்கோரத்தை நெருங்கிப் பார்த்தேன். எப்போதும் நிற்கும் அந்த வெள்ளைப் பொடி இல்லை. விரலால் தேய்த்துப் பார்த்தேன், ஒன்றும் உதிரவில்லை. கழுவிய பிறகு கன்னம் இழுப்பதும் நின்றுவிட்டது. பரு ஒன்றுகூட வரவில்லை. இப்போது ஒரே பிரச்சினை, காலையில் இதன் மேல் சன்ஸ்கிரீன் பூசினால் அழிரப்பர் துகள் போல உருண்டு உருண்டு வருகிறது.

மருத்துவரிடமும் போனேன். டப்பாவைக் கொண்டு போனதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பேட்ச் டெஸ்டில் இரண்டு வட்டங்கள் தடித்தன. வாசனைக் கலவை ஒன்று, லினலூல் ஹைட்ரோபெராக்சைடு மற்றொன்று. மாறன் அண்ணா சொன்ன அதே பெயரைச் சீட்டில் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.


மாறன்

மிக்க மகிழ்ச்சி வானதி. துகள் வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: கிரீம் அதிகம், அவசரம் அதிகம். காலையில் ஒரு பட்டாணி அளவு மட்டும் எடுங்கள். பூசிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு, சன்ஸ்கிரீனைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். சன்ஸ்கிரீன் அளவை மட்டும் குறைத்துவிடாதீர்கள். அதன் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டீர்கள்தானே?


வானதி

பார்த்துவிட்டேன் அண்ணா, அதில் வாசனை இல்லை. நேற்று உட்கார்ந்து வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். ஷாம்பு, கண்டிஷனர், கை கழுவும் சோப்பு மூன்றிலும் லினலூல் இருக்கிறது. சோப்பை மாற்றிவிட்டேன். ஷாம்பு தேட வேண்டும். கயல்விழி அக்கா, உங்களைப் போலவே நானும் ஒரு சீட்டு எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.